வலை உலர்த்தும் கழியும் ஒரு டச்சுக்காரர் கணக்கும்



பழவேற்காட்டில் டச்சுக்காரர் என்றால் கல்லறைத் தோட்டமும் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடும்தான் நினைவுக்கு வரும். அவர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613ல். அப்போது அவர்கள் நாட்டில் சைமன் ஸ்டெவின் என்ற பொறியாளர் வாழ்ந்துகொண்டிருந்தார். நிறுத்தல் கலை பற்றி 1586லேயே லைடன் நகரில் நூல் வெளியிட்டவர். படித்தவர்கள் லத்தீனில் எழுதிய காலத்தில் இவர் டச்சு மொழியிலேயே எழுதினார். (தமிழ் வழியில் படித்ததற்குக் கூச்சப்படும் பிள்ளைகள் கவனிக்கவும்!)

சீரான ஒரு கட்டையை மனதால் இரண்டாக வெட்டு. ஒவ்வொரு துண்டின் எடையும் அதனதன் நடுவில் தொங்குவதாக வைத்துக்கொள். இப்படித்தான் நெம்புகோல் விதியை அவர் விளக்கினார். இத்தாலியில் அச்சிட முடியாமல் 1638ல் அதே லைடனில் வெளிவந்த கலிலியோவின் நூலிலும் இந்த வழி உண்டு. பரவிய பாரத்தை ஒற்றைப் பாரமாக்கிவிட்டால் கணக்கு சுருங்கிவிடும். ஆனால் எங்கே சுருக்கலாம் என்று தெரிய வேண்டும்.

நம் குப்பத்துக் கணக்கையே பாருங்கள். 8 அடி இடைவெளியில் இரண்டு கம்பு, மேலே ஒரு கழி, அதில் 40 கிலோ ஈர வலை. கழியின் எடையை விட்டுவிடுவோம். வலையைச் சீராக விரித்தாலும் நடுவில் குவித்தாலும் ஒவ்வொரு கம்பும் தாங்குவது 20 கிலோதான். இதற்கு மொத்த எடையும் நடுவில் இருப்பதாகக் கொள்ளலாம்.

கழி வளைவதற்கு அது பொருந்தாது. நடுவில் குவித்தால் அங்கே திருப்புத்திறன் 20 × 4 = 80. விரித்துப் போட்டால் பாதிக் கழியை மட்டும் எடுங்கள். அதன் மேலுள்ள 20 கிலோ, கழியின் நடுவிலிருந்து 2 அடியில் கீழே அழுத்துகிறது. 80இல் 40 கழிந்து மீதி 40. சரிபாதி! அதே வலை, அதே கழி. நம் பெரியவர்கள் வலையைக் குவிக்காமல் விரித்தது காய்வதற்காக, கழியும் பிழைத்தது.

இப்போது ஊரில் பலரும் மாடி எடுக்கிறீர்கள். 1000 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 1000 கிலோ. பீமின் நடுவில் அதை வைப்பது குவித்த வலைதான். தூணுக்கோ சுவருக்கோ நேர் மேலே வைக்கச் சொல்லுங்கள். கம்பி எத்தனை, என்ன கனம் என்பதை மேஸ்திரியின் கைக்கணக்கில் விடாமல் இன்ஜினியரிடம் கேளுங்கள். நம் பள்ளியில் படித்தவர்களிலேயே சிலர் அந்த வேலையில்தான் இருக்கிறார்கள்.