சலுகையும் உரிமையும்

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டத்தின் சிற்பியாக நாம் அறிவோம். அவர் பட்டாளத்துப் பிள்ளை என்பதையும், பம்பாய் மாகாண அரசியலில் நெடிது உழைத்தவர் என்பதையும் நம் இளைஞர்களுட் பலர் அறியார். நம் சங்கத்தின் வெள்ளிவிழா வேளையில் அவ்வரலாற்றை நினைவுகூர்வோம்.

1891 ஏப்ரல் 14இல் மாவ் படைமுகாமில் அவர் பிறந்தார். பாட்டனார் படைவீரர். தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். படைப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். ஊர்ப் பள்ளிகள் மகர் மக்களுக்குக் கதவடைத்திருந்த நாளில், படைவீரர் குடும்பங்களுக்குப் படைப் பள்ளிகள் எழுத்தறிவித்தன. அவர் குடும்பத்துள் கல்வி புகுந்த வழி அதுவே.

ஆயின் 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியது. முன்னாள் வீரர் கோபால் பாபா வலங்கர் விண்ணப்பம் வரைந்தார், பயன் விளையவில்லை. அரசின் விருப்பத்தால் திறந்த கதவு அதன் விருப்பத்தாலேயே அடைபட்டது. சாத்தாராப் பள்ளியிலோ சுபேதாரின் மகன் வீட்டிலிருந்து கொணர்ந்த கோணியில் தனித்தமர்ந்து படிக்க நேர்ந்தது.

அச்சிறுவரே நியூயார்க்கிலும் லண்டனிலும் கற்று, 1922இல் பாரிஸ்டரானார். 1923 முதல் பம்பாயில் வழக்காடினார். தீண்டாமை அங்கும் தொடர்ந்தது. வழக்குகள் எளிதில் வரவில்லை. ஏழைகளின் வழக்குகளை ஏற்று நின்றார். 1927இல் பம்பாய்ச் சட்டமன்ற மேலவையென இன்று நாம் எண்ணிவிடக் கூடாத, அன்றைய மாகாணச் சட்டசபையில் நியமன உறுப்பினராக அமர்ந்தார். சிறு நிலத்திற்காக மகர்களை இரவுபகலாக ஊழியத்தில் பிணித்த வதன் முறையைத் திருத்த 1928இல் மசோதா கொணர்ந்தார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கி, 1937 தேர்தலில் மக்களின் வாக்கால் வென்றார். அவ்வாண்டே கொங்கணத்துக் கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொணர்ந்தார். 1938 சனவரியில் உழவர்கள் பம்பாயில் பேரணியாகத் திரண்டனர். அம்மசோதாக்கள் அன்று சட்டமாகவில்லை. எனினும் கோத்தி முறை 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? படைப் பள்ளி தந்தது சலுகை. சலுகையை ஓர் ஆணை பறித்துவிடும். அதனாலன்றோ அண்ணல் நீதிமன்றத்தோடு நில்லாது, சட்டம் இயற்றும் மன்றத்தையும் நாடினார்! இளைஞர்களே, நீங்கள் பெறும் கல்வி எவரும் இட்ட பிச்சையன்று. சட்டத்தைக் கற்பீர், பெற்ற உரிமையைக் காப்பீர், பின்வரும் பிள்ளைகளுக்குக் கதவு அடைபடாது காத்து நிற்பீர்.