நிலத்தடிப் பாறைமுக வருடல்

நிலத்தடிப் பாறைமுக வருடல் என்பது, சுரங்கம் தோண்டும்போது வெளிப்படும் பாறைப் பரப்பை லேசர் ஒளியாலோ, ஒன்றன்மீது ஒன்று படியுமாறு எடுத்த ஒளிப்படங்களாலோ அளந்து, அதன் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் அமைத்து, பாறைப் பிளவுகளின் போக்கைக் கணிக்கும் முறையாகும். பாறைமுகம் என்பது முதன்மையாகத் தோண்டல் நின்றிருக்கும் முன்சுவரைக் குறிப்பினும், பக்கச் சுவர்களும் கூரையும் இவ்வாய்வில் அடங்கும். கனிமம் எடுக்கும் குடைவையும் மலையைத் துளைத்துச் செல்லும் வழியையும் தமிழ் சுரங்கம் என்ற ஒரே சொல்லால் வழங்குகிறது. இம்முறையும் இரண்டுக்கும் பொதுவானது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழ்நாட்டைத் தொடும் மலைகளில் நிகழ்ந்த நிலத்தடி வேலைகள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

செயல்முறை

முக்காலியில் நிறுத்தப்படும் வருடி, லேசர் ஒளியைப் பாறைமீது செலுத்தி, அது திரும்பிவர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது. ஒரு நொடியை நூறு கோடியாகப் பகுத்த ஒரு கூறில் ஒளி சுமார் 30 சென்டிமீட்டர் செல்வதாலும், போய்வரும் வழி இருமடங்காதலாலும், அந்த ஒரு கூறளவு பிழைகூடத் தொலைவில் 15 சென்டிமீட்டர் தவறாகிவிடும். அதனால் சில கருவிகள் நேரத்துக்குப் பதிலாக ஒளியலையின் கட்ட வேறுபாட்டை அளக்கின்றன. தொலைவுடன் ஒளி சென்ற திசையின் இரு கோணங்களும் சேரும்போது பரப்பில் ஒரு புள்ளியின் இடம் உறுதியாகிறது. இவ்வாறு திரளும் பல லட்சம் புள்ளிகளின் தொகுதி புள்ளித்திரள் எனப்படுகிறது. செயற்கைக்கோள் குறிகை நிலத்தடியை எட்டாததால், சுவரில் பதித்த குறிகளை நில அளவை நிலைகளுடன் இணைத்தே புள்ளித்திரள் அதற்குரிய இடத்தில் பொருத்தப்படுகிறது.

ஆள் நுழைய முடியாத வெற்றறைகளை அளக்க, 1990-களின் தொடக்கத்தில் கனடாவில் நொராண்டா சுரங்க நிறுவனமும் ஆப்டெக் நிறுவனமும் சேர்ந்து, நீண்ட கழியின் முனையில் நீட்டப்படும் லேசர் கருவியை உருவாக்கின. பின்னர் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ, நடந்துகொண்டே அளப்பதற்கான கையடக்க வருடியை வடிவமைத்தது.

வெடிவைத்துக் குடையும் சுரங்கத்தில் புகை வெளியேறி, உடைகல் அள்ளப்பட்டு, தொங்கும் கற்கள் தட்டி வீழ்த்தப்பட்ட பின்னரே வருடலுக்கு இடம் கிடைக்கிறது. அடுத்துப் பாறை ஆணிகள் அறையப்பட்டு, காங்கிரீட் பீய்ச்சிப் பூசப்பட்டதும் பாறை கண்ணுக்கு மறைந்துவிடுவதால், இந்தச் சிறிய இடைவெளியில் எடுக்கும் பதிவே பிற்காலத்துக்குச் சான்றாக நிற்கிறது.

அளக்கப்படுவன

சுரங்கத்தின் உறுதியைப் பாறையின் கடினத்தைவிட அதனூடே ஓடும் பிளவுகளே பெரிதும் தீர்மானிக்கின்றன. கூரையில் சாய்ந்து சந்திக்கும் பிளவுகள், 2 மீட்டர் பக்கமுள்ள சதுர அடியும் 1.5 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு கூம்பகத்தை வெட்டிப் பிரித்தால், அதன் கனஅளவு 2 கன மீட்டராகும். கன மீட்டருக்கு 2.7 டன் எனக் கொண்டால் 5.4 டன் எடையுள்ள கல் ஆணியின் பிடிப்பில் தொங்குகிறது. எத்தனை ஆணி, எவ்வளவு நீளம் என்பதை இக்கணக்கே முடிவுசெய்கிறது. முன்பு நிலவியலாளர் கைக்கெட்டிய உயரம் வரை திசைகாட்டியை வைத்து அளந்தார். அருகிலிருக்கும் எஃகுத் தாங்கிகளும் இயந்திரங்களும் அதன் முள்ளைத் திருப்பிவிடும். வருடலோ கூரையையும் தொலைவிலிருந்தே அளக்கிறது. ஒரே தளத்தில் அமையும் புள்ளிகளைக் கணினி தொகுத்து, அத்தளத்தின் சாய்வுக் கோணத்தையும் சாய்வுத் திசையையும் தருகிறது. 1973-இல் பீனியாவ்ஸ்கி வகுத்த பாறைத்திரள் மதிப்பீட்டுக்கும், 1974-இல் நார்வேயில் பார்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் வகுத்த கியூ முறைக்கும் வேண்டிய தரவின் ஒரு பகுதி இவ்வாறு கிடைக்கிறது.

எல்லை மலைகளில்

இம்மலைகளில் நைஸ் பாறையுடன் சார்னோக்கைட் பரவலாகக் காணப்படுகிறது. பின்னது மிகுந்த வெப்பத்தில் உருவான கடும்பாறை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின், கொல்கத்தாவிலுள்ள கல்லறைக் கல்லை ஒட்டி, நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதற்குப் பெயரிட்டார். பாலக்காட்டுக் கணவாயோ நிலப்பாளங்கள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பழைய நறுக்கு மண்டலத்தை ஒட்டியிருக்கிறது. அத்தகைய மண்டலங்களில் நொறுங்கிய பாறைப் பட்டைகள் குறுக்கிடக்கூடும்.

1895-இல் நிறைவேறிய பெரியாறு திட்டத்தின் நீரைத் தமிழகத்துக்குக் கொண்டுவரும் மலைச்சுரங்கம், பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் நீர்ச்சுரங்கங்கள், 780 மெகாவாட் திறனுள்ள மூலமற்றம் நிலத்தடி மின்நிலையம் ஆகியவை வருடிக் கருவிகள் பரவுமுன் குடையப்பட்டவை. பாலக்காடு–திருச்சூர் நெடுஞ்சாலையிலுள்ள குதிரான் இரட்டைச் சுரங்கத்தின் முதல் குழாய் 2021-இல் திறக்கப்பட்டது. இம்மலைகளுக்கு அப்பால், தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் உழைத்த கோலார் தங்கவயலின் சுரங்கத்தில் 1965-இல் நியூட்ரினோ என்னும் நுண்துகள் பதிவானது. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் 1988-இல் அங்கேதான் தொடங்கப்பட்டது. அச்சுரங்கம் 2001-இல் மூடப்பட்டபின், இடுக்கி எல்லையை ஒட்டிய தேனி மாவட்டப் பொட்டிப்புரத்தில் சார்னோக்கைட் மலையைக் குடைந்து, சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கத்தின் முடிவில் நியூட்ரினோ ஆய்வறை அமைக்க 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. சுற்றுச்சூழல், வனவிலங்குப் பாதுகாப்புக் காரணங்களைக் காட்டித் தமிழ்நாடு அரசு அதை எதிர்த்தது.

வரம்புகள்

சர்வதேசப் பாறை இயக்கவியல் சங்கம் 1978-இல் வெளியிட்ட நெறிமுறை, பிளவுகளைப் பற்றிப் பத்துக் கூறுகளைப் பதியச் சொல்கிறது. திசை, இடைவெளி, நீளம், சொரசொரப்பு, பிளவுக் குழுக்களின் எண்ணிக்கை, பாறைத்துண்டின் அளவு ஆகிய ஆறும் பெருமளவு வருடலுக்கு உட்படுவன. பிளவுச் சுவரின் வலிமை, வாயின் அகலம், உள்ளே நிறைந்திருக்கும் பொருள், நீர்க்கசிவு ஆகிய நான்குக்கும் வருடல் தனித்துப் போதாது. தூசியும் ஈரமும் திரும்பும் ஒளியைக் குலைக்கின்றன. புடைத்த கல்லின் பின்புறம் நிழலாகிப் பதிவில் விடுபடுகிறது. பிளவினுள் இருப்பது கெட்டியான படிகமா, நனைந்தால் வழுக்கும் களிமண்ணா என்பதைப் பொறுத்தே அதே 5.4 டன் கல் நிற்பதும் விழுவதும் அமைகின்றன. அதை அறிய இன்றும் நிலவியலாளர் சுத்தியலுடன் பாறைமுகத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.