காற்று போதாமல் போன கதை

ராஜ்தூத் 350 ஓட்டியவர்களுக்கு அதன் இரட்டைச் சிலிண்டர் நன்றாக நினைவிருக்கும். அடுக்கடுக்காக அலுமினியத் தகடுகள், நடுவே காற்று புகும் இடைவெளி. சிலிண்டரின் விட்டம் 64 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 54 மில்லிமீட்டர், மொத்தம் 347 சிசி. யமஹாவின் ஆர்டி350 மாடலை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் அந்தப் பெயரில் இந்தியாவில் தயாரித்தது. இதே 64, 54, 347 என்ற அளவுகளோடு 1987இல் யமஹா அமெரிக்கச் சந்தையில் வேறொரு வண்டியை இறக்கியது. நான்கு பருத்த டயர்கள், அகலமான ஹேண்டில்பார், மணல்மேடுகளில் ஏறுவதற்கென்றே கட்டப்பட்ட உடல். அயர்லாந்து நாட்டுக் கதைகளில் ஓலமிடும் பெண்ணாவியின் பெயரை அதற்கு வைத்தார்கள்: பான்ஷீ. அதன் சிலிண்டரில் தகடுகள் இல்லை. சுற்றிலும் தண்ணீர் ஓடியது.

தகடுகளை விட்டுத் தண்ணீருக்குப் போனதற்கு வலுவான காரணம் உண்டு. சாலையில் ஓடும் பைக்குக்கு வேகம் கூடக்கூடக் காற்றும் கூடுகிறது. பான்ஷீ போன்ற நான்கு சக்கர குவாட் பைக்குக்கு அந்த வசதி இல்லை. சேற்றில் சக்கரம் புதையும்போது முதல் கியரில் என்ஜின் முழு மூச்சில் இரைகிறது. வண்டியோ ஆள் நடக்கும் வேகத்தில்தான் நகர்கிறது. அதிகமாகச் சூடாகும் நேரமும் காற்று குறைவாகக் கிடைக்கும் நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. இந்த வண்டிகளின் என்ஜின் வரலாறு முழுவதும் இந்த ஒரு சிக்கலோடு நடந்த போராட்டம்தான்.

தொடக்கத்தில் இது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. குளிர்காலத்தில் பைக் விற்பனை படுத்துவிடுகிறது, அப்போதும் விற்க ஏதாவது வேண்டும் என்று அமெரிக்க டீலர்கள் ஹோண்டாவிடம் கேட்டார்கள். ஒசாமு தகேயுச்சி என்ற பொறியாளர் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு சக்கரங்கள் வரை வைத்துப் பார்த்துவிட்டு மூன்றில் நின்றார். 1970இல் வெளிவந்த யுஎஸ்90 வண்டியில் இருந்தது 89 சிசி என்ஜின், 7 குதிரைத்திறன். பின்னர் அதன் பெயர் ஏடிசி90 ஆனது. பனியில் மெல்ல உருண்ட அந்தச் சிறிய என்ஜினுக்குத் தகடுகளும் குளிர்காற்றும் போதுமாக இருந்தன.

1982இல் சுசுகி நான்காவது சக்கரத்தோடு குவாட்ரன்னரைக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டுக்குள் இவ்வகை வண்டிகள் பண்ணைகளுக்குள் நுழைந்துவிட்டன. நியூசிலாந்தில் ஆட்டு மந்தையின் பின்னால் மணிக்கணக்கில் ஊர்ந்தன. களைக்கொல்லித் தொட்டியைச் சுமந்து சரிவுகளில் ஏறின. சேறு தெறித்துத் தகடுகளுக்கு நடுவே காய்ந்து இறுகினால், என்ஜினுக்குக் கம்பளி போர்த்திய மாதிரி ஆகிவிடும். ஹோண்டா 1988இல் கொண்டுவந்த ஃபோர்ட்ராக்ஸ் 300 இதற்கு ஒரு நடுவழியைக் கண்டது. தகடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, என்ஜின் ஆயிலைச் சிறிய ஆயில் கூலர் வழியாகச் சுற்றவிட்டது. எளிமையான ஏற்பாடு, ஆனால் அருமையானது. உடைவதற்கு அதில் அதிகம் ஒன்றுமில்லை என்பதால்தான் விவசாயிகள் அதை அவ்வளவு நம்பினார்கள்.

பந்தய வண்டிகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஹோண்டாவின் ஏடிசி250ஆர் 1981இல் வந்தபோது காற்றை நம்பிய இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின். 1985இல் அதே பெயர் ரேடியேட்டரோடு வந்தது. சுசுகியின் எல்டி250ஆர் குவாட்ரேசரும் அதே ஆண்டில் தண்ணீர்க் குளிர்ச்சியோடே அறிமுகமானது. இந்தத் தொழில்நுட்பம் ஒன்றும் புதிதல்ல. 1900இல் வில்ஹெல்ம் மைபாக் மெர்சிடிஸ் காருக்குச் செய்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. ஆனால் குவாட் பைக்கில் ரேடியேட்டர் உட்காரும் இடம் முன்சக்கரங்களுக்கு நடுவே. மணலும் சேறும் முதலில் வந்து மோதும் இடமும் அதுதான்.

பான்ஷீயின் கதை இங்கேதான் சுவையாகிறது. அதில் ரேடியேட்டர் உண்டு, விசிறி கிடையாது. சூட்டுக்கேற்பத் தண்ணீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் கிடையாது. உதைத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், ஏனென்றால் பேட்டரியே இல்லை; விளக்கு எரிவது மாறுதிசை மின்சாரத்தில். ஆகவே மின்விசிறி மாட்ட நினைப்பவர் முதலில் அதை நேர்திசை மின்சாரமாக மாற்றும் ரெக்டிஃபையர் தேட வேண்டும். கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் கதை பேசிக்கொண்டிருந்தால் ரேடியேட்டர் மெல்லக் கொதிக்கத் தொடங்கும்.

ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட்டைக் கொதிக்கவிடாமல் காப்பது அதன் மூடி. நம் அடுக்களையில் இருக்கும் பிரஷர் குக்கரின் கணக்கேதான் அதிலும். ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாகத் தாங்கினால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்தால் அந்த 20 டிகிரி காப்பு போய்விடும். முப்பது ஆண்டு ஓடிய வண்டிக்கு முதலில் மாற்ற வேண்டியது இந்தச் சின்ன மூடியைத்தான். ஆனால் பலர் பெரிய ரேடியேட்டருக்கு விலை கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் வரிசையாகத்தான் போவார்கள். வளைந்த ரேடியேட்டர் தகடுகளை நிமிர்த்தி, என்ஜின் பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்து, உள்ளே சிக்கிய மண்ணை வந்த வழியே வெளியேற்றுவார்கள். பழைய ஹோஸ்களை மாற்றுவார்கள். கூலன்ட் ஊற்றிய பின் உள்ளே காற்றுக் குமிழி தங்காமல் எடுப்பார்கள். பிறகு கார்புரேட்டரைத் திறப்பார்கள். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் பிஸ்டன் தலை அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். அந்தக் குறையை எந்த ரேடியேட்டராலும் ஈடுகட்ட முடியாது. இவையெல்லாம் முடிந்த பிறகே, என்ஜினின் திறனைக் கூட்டியவர்கள் வாட்டர் பம்ப்பின் பிளாஸ்டிக் சுழலியை அலுமினியத்துக்கு மாற்றுவதும், அதிகத் தண்ணீர் பிடிக்கும் சிலிண்டர் ஹெட்டை மாட்டுவதும்.

குளிர்ச்சி கூடினாலும் கேடுதான். அலுமினிய பிஸ்டன் சட்டென்று சூடாகி விரியும். தண்ணீர் சூழ்ந்த சிலிண்டர் அதே வேகத்தில் விரியாது. சூடேறாத என்ஜினை முறுக்கினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நின்றுவிடும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி என்பதால் குளிர்காலத்தில் ரேடியேட்டரின் ஒரு பகுதியை அட்டையாலோ டேப்பாலோ மறைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. தொழிற்சாலை விட்டுப்போன தெர்மோஸ்டாட்டின் வேலையை ஓர் அட்டைத் துண்டு செய்கிறது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சேற்றுக்குள் மூழ்க மூழ்க ஓட்டுகிறவர்கள் வேறொரு வழி கண்டார்கள். ரேடியேட்டரைக் கழற்றி, சேறு எட்டாத உயரத்தில், முன்பக்கச் சுமைதாங்கியின் மேல் பொருத்தினார்கள். ஹோஸ்களை நீட்டினார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் வேலை செய்தது. பிற்பாடு கான்-ஆம் நிறுவனத்தின் எக்ஸ் எம்ஆர் வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே உயர்த்திய ரேடியேட்டரோடு வந்தன. கொல்லைப்புறப் பட்டறையில் பிறந்த யோசனை ஷோரூமுக்குள் போனதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு இந்தத் துறையில் அரிது.

பான்ஷீ அமெரிக்க விற்பனையிலிருந்து 2006 மாடலோடு விலகியது. மணல்மேடுகளிலிருந்து இன்னும் விலகவில்லை. அங்கே நேர்கோட்டில் சில விநாடிகள் மட்டும் ஓடும் பந்தயத்துக்குச் சிலர் அதே என்ஜினை மெத்தனாலில் ஓட்டுகிறார்கள். மெத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சும். அளவிலும் இருமடங்குக்கு மேல் செலுத்த வேண்டும். எரிபொருளே என்ஜினைக் குளிர்விக்கிறது. அந்த வண்டிகளில் சிலவற்றில் ரேடியேட்டர் இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது.