ஊர்கூடி வளர்த்த நூலகங்கள்

மன்னர்கள் எழுப்பிய கோட்டைகளையும் கோயில்களையும் பற்றி வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஊதியம் கருதாத எளிய மனிதர்கள் ஊர்தோறும் அமைத்த படிப்பகங்களைப் பற்றி அவை பேசுவது குறைவு. ஆயினும் இருபதாம் நூற்றாண்டு இந்தியாவில் அறிவு பரவிய வரலாற்றை எழுதப் புகுவோர் அப்படிப்பகங்களை விட்டுவிட்டு எழுத இயலாது.

நமக்கு இவ்வரலாற்றில் தனியானதோர் அக்கறையும் உண்டு. பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் நீங்கிவந்த நாம், குடியேறிய நகரங்களில் சங்கம் கண்டபோது முதலில் தேடியது ஓர் அறை. அடுத்துத் தேடியது அவ்வறையில் நூல்களை அடுக்க ஓர் அலமாரி. அன்பர்கள் அளித்த நூல்களால் அது நிரம்பிற்று. இன்றோ பல இடங்களில் அதன் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. ஒரு சங்கத்தில் ஒரே புதினத்திற்கு நான்கு படிகள் இருக்கும். அடுத்த நகரத்துச் சங்கத்தில் அந்நூலைத் தேடி அலைபவர் இருப்பார். இருவரையும் இணைக்க வழி இல்லை. இத்தகைய நிலையை முன்னோர் சந்தித்ததுண்டா? சந்தித்தனர் எனின், எவ்வாறு கடந்தனர்? இந்திய நாட்டின் நான்கு பகுதிகளில் நிகழ்ந்தவற்றை ஈண்டு நோக்குவோம்.

பரோடா காட்டிய பங்கு முறை

முதலில் மேற்கே செல்வோம். பரோடா அரசை ஆண்ட மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட், 1906இல் தம் நாடு முழுவதும் கட்டாயத் தொடக்கக் கல்வியை நடைமுறைப்படுத்தியவர். பள்ளியில் எழுத்தறிந்த சிறுவன் பின்னர்ப் படிக்க நூல் இன்றி, கற்றதை மறந்துவிடுவானாயின் அக்கல்வியால் யாது பயன் என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டன் என்னும் நூலக அறிஞரை 1910இல் வரவழைத்து, நூலகத்துறை ஒன்றை நிறுவினார். போர்டன் 1913இல் திரும்பிவிட்டார். அவர் இட்ட அடிப்படை அவரோடு போகவில்லை.

அத்துறை இரண்டு வழிகளைக் கையாண்டது. ஒன்று, பங்கு முறை. ஊரார் ஆண்டுதோறும் நூலகத்திற்காகத் தாமே ஒரு தொகை திரட்ட வேண்டும். திரட்டினால், அதே அளவு தொகையை உள்ளாட்சி அமைப்பும், அதே அளவு தொகையை அரசும் அளிக்கும். ஊரார் கைவைக்காத இடத்தில் அரசின் காசும் இறங்காது. மற்றொன்று, பெட்டி நூலகம். நூலகம் இல்லாத சிற்றூர்களுக்கு மரப்பெட்டிகளில் நூல்கள் அனுப்பப்பட்டன. போக்குவரத்துச் செலவைத் துறையே ஏற்றது. ஓர் ஊரில் படித்து முடித்த பெட்டி அடுத்த ஊருக்குச் சென்றது.

இவ்விரண்டும் எளிய ஏற்பாடுகளாகத் தோன்றலாம். ஆனால் இவற்றுள் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. பங்கு முறையால் நூலகம் ஊராரின் சொத்தாயிற்று. பெட்டி முறையால் ஓர் ஊரின் நூல் எல்லா ஊர்களின் நூலாயிற்று. உரிமை ஓரிடத்தில் வேரூன்றவும் பயன் பலவிடங்களில் பரவவும் ஒருங்கே வழிவகுத்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆந்திரத்தின் தொண்டர் படை

பரோடாவில் அரசர் முன்னின்றார். ஆந்திரத்தில் முன்னின்றவர்கள் பொதுமக்களே. அந்நாளில் சென்னை மாகாணத்தின் பகுதியாயிருந்த தெலுங்கு மாவட்டங்களில் சிறு நூலகங்கள் பல தனித்தனியே இயங்கி வந்தன. ஒன்றின் முகவரியை மற்றொன்று அறியாது. அய்யங்கி வெங்கடரமணய்யா என்னும் இளைஞர் இக்குறையை உணர்ந்து, 1914இல் பெஜவாடாவில் அந்நூலகங்களின் தொண்டர்களை ஒன்றுகூட்டினார். அங்கே பிறந்ததுதான் ஆந்திர தேச நூலகச் சங்கம். தனி அமைப்புகள் ஒரு பொது அமைப்பின் கிளைகளாகத் தம்மை உணர்ந்த நாள் அது.

சங்கம் பிறந்தபின் அவர்கள் செய்தவை மூன்று. தமக்கெனத் தெலுங்கில் 'கிரந்தாலய சர்வஸ்வமு' என்னும் இதழைத் தொடங்கினர். ஓர் ஊரின் அனுபவம் மற்ற ஊர்களுக்கு அதன்வழி சென்றது. நூலகத் தொண்டர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினர். ஊர் ஊராக நடந்து சென்று நூலகம் அமைக்கத் தூண்டும் பயணங்களை மேற்கொண்டனர். அவற்றிற்கு நூலக யாத்திரை என்றே பெயரிட்டனர். 1935இல் பாதூரி நாகபூஷணம் என்னும் தொண்டர், கிருஷ்ணா நதியின் பாசனக் கால்வாயில் நூலகப் படகு ஒன்றையே ஓடவிட்டார். சாலை இல்லாத ஊருக்கும் கால்வாய் இருந்தது. கால்வாய் வழியே நூல் சென்றது.

வெங்கடரமணய்யாவின் நோக்கம் தெலுங்கு நாட்டோடு நின்றுவிடவில்லை. 1919 நவம்பர் 14 அன்று சென்னையில் முதல் அகில இந்தியப் பொது நூலக மாநாடு கூடியதும் அவர் முயற்சியாலேயே. பரோடா நூலகத்துறையின் குடால்கர் அதற்குத் தலைமை ஏற்றார். மேற்கில் கண்ட அனுபவம் கிழக்கிற்கு வந்து சேர்ந்த நிகழ்ச்சி அது. பிற்காலத்தில் தேசிய நூலக வாரம் அந்நாளில் தொடங்கும் வழக்கம் ஏற்பட்டதற்கும் இம்மாநாடே காரணம்.

சீர்காழி தந்த அறிஞர்

தமிழ்நாட்டு வரலாற்றைக் கூறப்புகின் முதலில் நினைவுக்கு வருபவர் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றவர், அந்நாட்டுப் பொதுநூலகங்கள் கிளைகள் பல பரப்பி ஒரே உடலாக இயங்குவதைக் கண்டு திரும்பினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே அச்சங்கம் நூலகப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1931இல் பல்கலைக்கழகம் அப்பள்ளியை ஏற்றுக்கொண்டது. அவர் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. அவ்விதிகளுள் இறுதியானது நூலகத்தை வளரும் உயிராகக் காண்பது, கட்டடமாக அன்று.

அதே 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்பவர் முன்னின்று ஏற்படுத்திய அவ்வண்டி, சோழ நாட்டு வயல்களின் நடுவே ஊர்தோறும் நூல்களைக் கொண்டு சென்றது. நெல் ஏற்றிய வண்டித் தடத்தில் நூல் ஏற்றிய வண்டியும் உருண்டது என்பதை நினைக்கும்போது நெஞ்சம் நிமிர்கிறது.

தொண்டர்களின் ஊக்கம் மட்டும் ஒரு நிறுவனத்தை நெடுங்காலம் தாங்காது என்பதை அரங்கநாதன் நன்கு அறிந்திருந்தார். ஆகவே நிலையான வருவாய்க்குச் சட்டம் வேண்டும் என்று இடைவிடாது வற்புறுத்தினார். அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் எழுந்த முதல் நூலகச் சட்டம் இதுவே. சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்தது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது. கிளை நூலகங்கள் சிற்றூர்களிலும் தோன்றின. நம்முள் பலர் சிறுவயதில் முதன்முதலாக நூல் இரவல் பெற்றது அக்கிளைகளில்தான்.

கேரளம் கண்ட கூட்டமைப்பு

கேரளம் வேறொரு வழியில் நடந்தது. நீலம்பேரூரில் 1909இல் பிறந்த பி. என். பணிக்கர் ஒரு பள்ளி ஆசிரியர். இளமையிலேயே தம் ஊரில் ஒரு நூலகம் கண்டவர். 1945 செப்டம்பர் 14 அன்று அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களின் சார்பாளர்களை அவர் கூட்டினார். திருவிதாங்கூர் நூலகச் சங்கம் அன்று பிறந்தது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் எல்லைக்குள் அடங்கியிருந்த காலம் அது. 1956இல் மொழிவழி மாநிலம் அமைந்தபின் அது கேரள நூலகச் சங்கமாக விரிந்தது. 47 என்று தொடங்கிய எண்ணிக்கை பின்னாளில் ஆறாயிரத்தைக் கடந்தது. 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருதும் அதனை நாடி வந்தது.

இவ்வளர்ச்சியின் மறைபொருள் அதன் அமைப்பிலேயே உள்ளது. ஒவ்வொரு நூலகமும் அவ்வூர் உறுப்பினர்க்கே உரியது. நிருவாகக் குழுவை அவர்களே தேர்ந்தெடுப்பர். நூலகங்கள் சேர்ந்து வட்ட அளவில் ஒன்றியமாயின. ஒவ்வொரு நூலகமும் தன் பணியின் அளவுக்கேற்பத் தரம் பிரிக்கப்பட்டு, அத்தரத்திற்கேற்ப மானியம் பெற்றது. ஆகவே கடைத்தரத்தில் உள்ளதும் மேல்தரத்தை எட்ட முயன்றது.

இங்கும் இடர் வாராமல் இல்லை. 1977இல் அரசு சங்கத்தின் நிருவாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. முப்பதாண்டுகளுக்கு மேல் செயலாளராயிருந்த பணிக்கர் விலகி, முறைசாராக் கல்விப் பணியில் ஈடுபட்டார். பின்னர் 1989இல் இயற்றப்பட்ட நூலகச் சட்டம், தேர்தல்வழி அமையும் நூலக மன்றத்திற்கு வகைசெய்தது. அரசின் நிதியும் ஊராரின் உரிமையும் ஒருங்கே நிற்கும் நிலை அதனால் மீண்டது. 1995 ஜூன் 19 அன்று பணிக்கர் மறைந்தார். அந்நாளைக் கேரளம் வாசிப்பு நாளாகப் போற்றுகிறது.

நாம் கொள்ள வேண்டுவன

தமிழ்நாட்டு முறையையும் கேரள முறையையும் ஒப்பிடுவோர் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. சட்டமும் வரியும் இருந்தால் தொண்டர் ஓய்ந்தாலும் கதவு திறந்திருக்கும். ஆனால் ஊரார் தம்மை நூலகத்தின் உரிமையாளராக எண்ணாது, வந்துபோகும் விருந்தினராக எண்ணத் தலைப்படுவர். உறுப்பினர் உரிமை இருந்தால் ஊக்கம் பெருகும். ஆனால் அவ்வூக்கம் தளரும்போது தாங்குதற்கு ஒரு கை வேண்டும்.

வெளிமாநிலத் தமிழராகிய நமக்குத் தமிழ் நூலுக்கென வரி விதிக்கும் அரசு இங்கில்லை. நமக்குள்ள துணை நாமே. ஆதலின் பரோடாவின் பெட்டியும், ஆந்திரத்தின் பயிற்சியும், கேரளத்தின் கூட்டமைப்பும் நமக்கு மிகப் பொருந்தும். முதலாவதாக, ஒவ்வொரு சங்கமும் தன்னிடமுள்ள நூல்களின் பட்டியலை ஒழுங்காக எழுதி, மற்றச் சங்கங்களுக்கு ஒரு படி அனுப்பலாம். இரண்டாவதாக, மிகையான படிகளை இல்லாத இடத்திற்கு மாற்றலாம். மூன்றாவதாக, சிறுவர் நூல்கள் அடங்கிய பெட்டி ஒன்று சங்கம்விட்டுச் சங்கம் சுற்றிவரச் செய்யலாம். நான்காவதாக, வளர்ந்த சங்கம் ஒன்று புதிதாகத் தோன்றிய சங்கத்தின் இளைஞர் இருவர்க்கு நூலகப் பணியைக் கற்பிக்கலாம். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை.

காலந்தாழ்த்தினால் நேரும் இழப்பு பெரிது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூற்செல்வம், 1992இல் அவர் மறைந்தபின் சிதறாது காக்கப்பட்டது. சிகாகோப் பல்கலைக்கழகம் அதனைப் பெற்றுச் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைபெறச் செய்ததே அதற்குக் காரணம். எல்லாச் சேமிப்புகளுக்கும் அத்தகைய நற்பேறு வாய்ப்பதில்லை. சங்கத்தை நிறுவிய பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைகின்றனர். அவர்தம் இல்லங்களிலுள்ள தமிழ் நூல்களைப் பேரப்பிள்ளைகள் படிக்க அறியார். பழைய தாள் வாங்குவோரின் தராசு வாசலில் காத்திருக்கிறது. அந்நூல்கள் தராசுக்குச் செல்வதா, சங்கத்து அலமாரிக்கு வந்து அங்கிருந்து ஊர் ஊராகச் செல்வதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நாமே.

அம்பலப்புழையில் கூடியவை 47 நூலகங்கள். இந்தியப் பெருநகரங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்களும் மன்றங்களும் ஒன்றுகூடின் ஒரு நல்ல தொடக்கத்திற்குப் போதும். அடுத்த ஆண்டுவிழாவிற்கு முன்னர் நம் சங்கத்து நூற்பட்டியலேனும் முற்றுப்பெற்று, அண்டை நகரத்துச் சங்கத்தின் மேசையை அடையுமாக.