வளரிளம் பருவத்தினரின் நட்பும் வீட்டுச் சூழலும்

"சேர்க்கை சரியில்லை" என்று பிள்ளையின் நண்பர்களைக் குறை கூறியே பெற்றோர் பலர் மருத்துவரிடம் பேச்சைத் தொடங்குகின்றனர். 10 முதல் 19 வயது வரையிலான வளரிளம் பருவத்தில் நண்பர்களை மிகுதியாக நாடுவது இயல்பான வளர்ச்சியே. எனினும், நட்பில் பிள்ளைகள் நடந்துகொள்ளும் முறை பெரும்பாலும் வீட்டில் கற்றதாகும். சண்டையே இல்லாத வீடு அரிது. சண்டைக்குப் பின் பெற்றோர் சமாதானமாவதைக் கண்ட பிள்ளை, தோழனுடன் ஏற்படும் மனத்தாங்கலையும் பேசித் தீர்க்க முயலும். எதைச் சொன்னாலும் ஏளனத்திற்கு உள்ளாகும் பிள்ளையோ, நண்பர்களும் தன்னை ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சி, அவர்கள் நீட்டும் மதுவை மறுக்கத் தயங்கும்.

ஆகவே, நட்பைத் துண்டிக்கக் கட்டளையிடுவதற்கு முன், அந்த நண்பர்களை வீட்டிற்கு அழைத்துப் பழகுங்கள். கடற்கரைச் சாலையில் யாருடன் இருந்தாய் என்று விசாரிப்பதைவிட, பிள்ளையுடன் ஒரு மாலை அங்கு நடந்து சென்றால் பேச்சு தானாகவே வரும். கைப்பேசியை மறைவாகச் சோதிப்பது நம்பிக்கையைக் கெடுக்கும்.

நெருங்கிய நண்பர்களையும் தவிர்த்தல், உறக்கமின்மை, படிப்பில் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், ஜிப்மர் அல்லது இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகவும். "வாழப் பிடிக்கவில்லை" என்று பிள்ளை கூறினால் அதை மிரட்டலாகக் கருதாதீர்கள். தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பெற்றோரும் அழைக்கலாம்.