முத்துச் சல்லடையும் சிந்திக்கும் பொறியும்

மனித அறிவைப் பொறி விஞ்சுமோ என்னும் வினா புதியதன்று. 1950இல் ஆலன் டியூரிங் பொறி சிந்திக்குமோ என ஆராய்ந்தார். 1965இல் ஐ. ஜே. குட் என்னும் கணித அறிஞர், மாந்தரினும் அறிவு மிக்க பொறி தோன்றின், அது தன்னினும் சிறந்த பொறிகளைத் தானே படைக்கும் எனக் கருதினார். இவ்வினாவிற்குத் தமிழகத்து முத்துக்குளித்துறை வரலாறு தரும் விளக்கமொன்றை ஈண்டு ஆராய்வாம்.

கொற்கை, காயல், தூத்துக்குடி என அடுத்தடுத்துச் சிறந்த இக்கடற்கரையில் முத்தின் மதிப்பு மூன்று படிகளில் அறியப்பட்டது. முதலாவது அளவு. 20 முதல் 1000 வரை துளைகள் கொண்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்துக்களைச் சலித்தனர். இரண்டாவது எடை. மஞ்சாடி நிறையை வர்க்கித்துச் 'செவ்வு' கணித்தனர்; ஆதலின் ஒரு முத்தின் எடை இருமடங்காயின் செவ்வு நான்மடங்காயிற்று. மூன்றாவது உருட்சியும் ஒளியும். இவற்றை நோக்கி, ஆணி முதலாகப் பல பெயரிட்டு வகுத்தனர். முன்னிரண்டும் கருவிக்கும் கணக்கிற்கும் உரியவாக, வணிகரது புலமை மூன்றாவதிலேயே நின்றது.

இம்மூன்றாம் படியும் இனிப் பொறிக்கு எட்டாததன்று. உருவங்களை நோக்கி வகைப்படுத்தும் பொறிகள் இன்று உள. ஆயின் அவை கற்கும் நெறி கருதற்பாலது. 2017இல் ஆல்ஃபாசீரோ என்னும் நிரல், மாந்தர் ஆடிய ஆட்டம் எதனையும் நோக்காது, தன்னொடு தானே ஆடிப் பயின்று, ஸ்டாக்ஃபிஷ் என்னும் சிறந்த சதுரங்க நிரலை வென்றது. வெற்றி தோல்விகளை ஆட்டவிதியே வரையறுத்தலின் அஃது இயன்றது. முத்தின் ஒளிக்கு அத்தகைய விதி இல்லை. வல்லார் 'இஃது ஆணி' எனக் காட்டிய முத்துக்களைக் கொண்டே பொறி கற்றல் வேண்டும்.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உளது. 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த முத்துக்குளிப்பு வரிசையே தூத்துக்குடியில் இறுதியாயிற்று. அதன்பின் இக்கடலின் முத்தை நாள்தோறும் கண்டு பயிலும் களம் இலதாயிற்று. சல்லடைத் துளைகளின் தொகையை யாம் இன்றும் எண்ணிச் சொல்லவியலும். ஆணியின் ஒளி இத்தகைத்து என எழுத்திற் காட்டவியலாது.

ஆதலின், பொறி அறிவை விஞ்சுமோ என வினவுதல் மட்டும் அமையாது. பொறிக்குக் கற்பித்தற்குரிய அறிவு அதுகாறும் நிலைபெறுமோ என்பதும் வினவற்பாலது. முத்துத்தொழிற் சொற்களையும் அவற்றின் பொருள் வேறுபாடுகளையும், அறிந்த முதியோர் உள்ளபோதே சென்று கேட்டுத் தொகுத்தல் தமிழாய்வாளர் கடன் என்பது எம் துணிபு.