பிள்ளைச் சட்டையும் மண்மூட்டையும்

2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி, யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில், மனிதப் புதைகுழி அகழ்வின்போது மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் நீதிமன்ற உத்தரவின்படி பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. உறவுகளைத் தொலைத்தவர்கள் வரிசையில் நின்று பார்த்துச் சென்றார்கள். அந்தப் பொருட்களுள் சிறுவர்களின் உடைகளும் இருந்தன. மண்ணின் நிறம் ஏறிய ஒரு சிறு சட்டையைப் பார்த்து, ‘இது என் பிள்ளையினுடையது’ என்று ஒரு தாய் எதைக் கொண்டு சொல்வாள்? நிறம் போயிருக்கும். துணியும் பாதி உக்கியிருக்கும். கடையில் வாங்கிய சட்டையென்றால் அதைப்போல ஆயிரம் சட்டைகள் உலகில் உண்டு. தானே வெட்டித் தைத்த சட்டையென்றால் மட்டும், பொத்தானுக்குப் பதிலாக வைத்த நாடாவையோ, கைத்தையலின் சாய்வையோ, துணி போதாமல் கக்கத்தில் ஒட்டுப்போட்ட இடத்தையோ அவள் அடையாளம் காணக்கூடும்.

இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து, வன்னியில் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்த கதையை எழுதவேண்டும் என்று இருந்தேன். அரசர்களையும் போர்களையும் பற்றி எழுத எங்களிடம் ஆட்கள் உண்டு. ஊசியையும் நூலையும் பற்றி எழுதுவோர் குறைவு.

முதலில் சொற்களைப் பார்ப்போம். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளர்களைக் கூறுமிடத்தில் துன்னகாரர் என்று தையற்காரரைக் குறிப்பிடுகிறது. ஆகவே தையல் எமக்கு இரவல் தொழிலல்ல. நூல், தையல் ஆகிய இரண்டும் எங்கள் சொற்கள். ஆனால் ஈழத்தில் ஒரு பிள்ளையை உடுத்தி முடிக்கும்போது வாயில் வரும் மற்றச் சொற்களைக் கவனியுங்கள்: பொத்தான், களிசான், றேந்தை, லேஞ்சி, துவாய், சப்பாத்து. இவை யாவும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. 1619 முதல் 1658 வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் குறைவான காலமே அவர்கள் யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். அவர்களுடைய கோட்டையை ஒல்லாந்தர் இடித்து வேறாகக் கட்டினார்கள். பொத்தானையும் றேந்தையையும் மட்டும் எவராலும் பெயர்க்க முடியவில்லை.

பின்னர் மிசனரிமார் வந்தார்கள். 1824இல் அமெரிக்க மிசன் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, எழுத்தோடும் வேதத்தோடும் தையலும் கற்பிக்கப்பட்டது. பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பத் தயங்கிய வீடுகள்கூடத் தையலை மறுக்கவில்லை. 1877இல் சிங்கர் நிறுவனம் கொழும்பில் கால்பதித்தது. அடுத்து வந்த தலைமுறைகளில் தையல் மெசின் சீதனப் பட்டியலுக்குள் ஏறிவிட்டது. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி 1930களில் யாழ்ப்பாணக் குடும்பங்கள் கிளிநொச்சிக்குக் குடியேறியபோது, கலப்பையும் மண்வெட்டியும் போன வண்டியில் சில வீட்டாரின் சிங்கர் மெசினும் போனது. எங்கள் பாட்டியுடையதும் அவற்றுள் ஒன்று. கைப்பிடியைச் சுழற்றித் தைக்கும் வகை. கறுப்பு உடலில் பொன்னிறப் பூக்கொடி வரைந்திருக்கும். பிள்ளைகள் நாங்கள் அதைத் தொடக்கூடாது.

எங்கள் பக்கத்து வழக்கப்படி பிறக்கப்போகும் பிள்ளைக்கு முன்கூட்டிப் புதுச்சட்டை தைப்பதில்லை. கண்ணூறு படும், அவசரப்பட்டதாகும் என்பார்கள். பிறந்த பிள்ளைக்கு முதலில் உடுத்துவது பழந்துணி. பாட்டனின் வேட்டியோ பாட்டியின் நூற்சேலையோ பல நூறு முறை தோய்த்து வெளுத்து, விரலுக்குள் ஒழுகுவதுபோல மெதுமையாகியிருக்கும். அதையே அவித்துக் காயவைத்துக் கிழித்து அணைதுணி ஆக்குவார்கள். ஆயுள் நீண்டவர் கட்டிய துணியைப் பிள்ளைக்குக் கட்டினால் பிள்ளைக்கும் ஆயுள் நீளும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையை ஒருபுறம் வைத்துப் பார்த்தாலும், கஞ்சி போன பழந்துணி பச்சைத் தோலை உரசாது என்பது உண்மை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பின்னர்தான் புதுச்சட்டை. அரைஞாணும் பஞ்சாயுதமும் அன்றைக்கு.

அந்தச் சட்டைக்கும் ஓர் இலக்கணம் உண்டு. பொத்தான் கூடாது, பிள்ளை கடித்து விழுங்கிவிடும். நாடாதான், அதுவும் முதுகுப் பக்கம். கழுத்தை அகலமாக வெட்டவேண்டும். தையல் விளிம்பை உள்ளே மடித்து இன்னொரு தையல் போடவேண்டும், இல்லையேல் நூல்முனை குத்தும். ஓரத்தில் தையலைத் தாராளமாக விட்டு மடித்துவைத்தால், பிள்ளை வளர வளர அவிழ்த்துவிடலாம். துண்டுத் துணிகளில் ஒரு தொப்பி, இரண்டு கையுறை. இலவம்பஞ்சு அடைத்த தலையணை ஒன்று. தாயின் சேலை வளையில் தொங்கி ஏணையாகும். பிள்ளை அதன் வாசனையில் உறங்கும். ஒரு சேலை எத்தனை பிறவி எடுக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: கட்டும் சேலை, ஏணை, சட்டை, அணைதுணி, அடுப்படித் துணி.

எனது பிள்ளைப்பருவம் 1970களில் கழிந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். சங்கக்கடையில் துணி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் அம்மா வரிசைக்கு ஓடுவார். ஒரே சீத்தைத் துணியில் ஒழுங்கை முழுவதும் பிள்ளைகள் சட்டை போட்டிருப்போம். தீபாவளிக்குக் கூட்டமாக நின்றால் பாடசாலைச் சீருடைபோல இருக்கும். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. தென்னிலங்கையில் பல்லாயிரம் பெண்கள் அன்னிய நாட்டுக்குச் சட்டை தைக்கத் தொடங்கினார்கள். 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். போருக்குள் இருந்த வன்னிக்கு அந்த அலை வரவில்லை. வந்தது பொருளாதாரத் தடை.

1990 இலிருந்து நடைமுறையிலிருந்த அந்தத் தடைப் பட்டியலை அக்காலத்தில் செய்தியாளராக இருந்த எவரும் மறக்கமாட்டார்கள். எரிபொருள், சீமெந்து, மின்கலம், உரம் என்று நீளும் அப்பட்டியலில், இராணுவச் சீருடையை ஒத்த துணியும் இருந்தது. மற்றத் துணிகளும் சோதனைச்சாவடிகளைத் தாண்டி வந்துசேர்ந்தபோது விலை கைக்கு எட்டாது. சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தோம். குப்பி விளக்கின் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோப்பதற்குப் பிள்ளைகளின் கண்கள் வேண்டியிருந்தன. மெசினுக்கு எண்ணெய் இல்லையென்று தேங்காயெண்ணெய் விட்ட வீடுகளைக் கண்டிருக்கிறேன். சில கிழமைகளில் அது பசையாக இறுகிச் சக்கரம் நின்றுவிடும். பிறகு மண்ணெண்ணெயால் கழுவவேண்டும். மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது?

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அவர்களுள் பெருந்தொகையானோர் அடுத்த ஆண்டு கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குள் வந்தார்கள். மெசினின் காலைக் கைவிட்டுத் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். மரத்தடியிலும் கொட்டிலிலும் அந்தத் தலைகள் பலகையில் பூட்டப்பட்டு மறுபடி ஓடின. சேலைகள் சட்டையாகின. நைலெக்ஸ் சேலைச் சட்டை வன்னி வெயிலில் பிள்ளைக்கு வேர்க்குருவைக் கொடுக்கும். நூற்சேலை கிடைத்தால் அதிட்டம். ஊடகங்களில் நாங்கள் ‘பற்றாக்குறை’ என்று எழுதினோம். அந்தச் சொல்லுக்குள், அக்காவின் சட்டையைத் தம்பிக்குக் காற்சட்டையாக மாற்றத் தெரிந்த ஒரு தாயின் கணக்கு அடங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்ததும் கொழும்புச் சட்டைகள் லொறிகளில் வந்திறங்கின. பெண்கள் மெசினை மூடிவைத்தார்கள். அதை நான் குறைசொல்லமாட்டேன். ஆயத்த ஆடை வாங்கும் ஆசை எல்லோருக்கும் பொது. 2004 டிசம்பர் 26இல் கடல் முல்லைத்தீவுக்குள் புகுந்தது. 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டது. மூடிய மெசின்கள் மறுபடி திறக்கப்பட்டன.

இனி வருவதை எழுதக் கை தயங்குகிறது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று. மக்கள் விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு என்று கிழக்கே ஒதுங்கி, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்ற கடற்கரைத் துண்டுக்குள் வந்துசேர்ந்தார்கள். கடற்கரை மணலில் பதுங்குகுழி நிற்காது, சரிந்துவிடும். சுற்றிவர மண்மூட்டை அடுக்கவேண்டும். உரப்பைகளும் அரிசிச் சாக்குகளும் முடிந்துபோன பின்னர் பெண்கள் சேலைகளை எடுத்தார்கள். ஆறு யார்ச் சேலையில் ஏழெட்டுப் பைகள் வரும். இரண்டு பக்கம் நெருக்கமாகத் தைத்து, மணலை நிரப்பி, வாயைக் கட்டவேண்டும். நூற்சேலை பாரத்தில் கிழியும். பட்டும் நைலெக்சும் தாங்கும். ஆகவே, இடப்பெயர்வு ஒவ்வொன்றிலும் காப்பாற்றிக் கொண்டுவந்த கூறைச்சேலைகளே கடைசியில் வெட்டுப்பட்டன. சரிகைக் கரையோடு அடுக்கப்பட்டிருந்த அந்த மூட்டைகளைப் போர் முடிந்த பின்னர் அக்கரையில் கண்டவர்கள் பலர். படங்களும் இருக்கின்றன. பிள்ளைக்குச் சட்டை தைத்த அதே கை, அதே ஊசி, அதே சேலை. அதுவும் பிள்ளையை மூடுவதற்காகத் தைத்ததுதான்.

மே மாதம் போர் முடிந்தது. ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாமில். உடுத்த உடையோடு வந்தவர்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பாட்டியின் பழஞ்சேலை இருக்கவில்லை, அது மூட்டையாகி மணலில் கிடந்தது. நிவாரணமாகக் கிடைத்த புதுத்துணியைத்தான் தோய்த்துத் தோய்த்துப் பழசாக்கினார்கள். முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது.

அதன்பின் வன்னிக்கு வந்த உதவிகளில் தையல் மெசினுக்குத் தனியிடம் உண்டு. கணவனை இழந்த பெண் என்றால் ஒரு தையல் மெசின், இல்லையேல் கோழிக்குஞ்சுகள். கொடுத்தவர்களின் மனதை நான் குறைகூறவில்லை. ஆனால் ஒரே ஒழுங்கையில் ஐந்தாறு மெசின்கள் இறங்கினால் தைப்பதற்கு ஆர்டர் எங்கிருந்து வரும்? அதே ஏ-9 பாதையால், தைகூலியைவிட மலிவாகப் பிள்ளைச் சட்டைகள் வந்துகொண்டிருந்தன. பல மெசின்கள் மூலைக்குள் கிடந்து கறள் பிடித்ததைச் செய்தி சேகரிக்கப் போன இடங்களில் பார்த்திருக்கிறேன். கையளிப்பு வைபவத்தின் படம் பத்திரிகையில் வரும். கறள் பிடித்த படம் வராது. அந்தத் தவறில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு.

கிளிநொச்சி அறிவியல் நகரில் மாஸ் நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலைகள் போருக்குப்பின் எழுந்தன. ‘வானவில்’, ‘விடியல்’ என்று பெயர். காலையில் பேருந்துகள் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிச் செல்கின்றன. மாதச் சம்பளம் வீட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது, அதில் ஐயமில்லை. அங்கே ஒருவர் கழுத்துப்பட்டியை மட்டும் தைப்பார். அடுத்தவர் தோளை மட்டும். முழுச்சட்டை ஒருவர் கையிலும் உருவாவதில்லை. பாட்டி இரவிரவாகத் தைத்த சட்டையில் இப்படிப் பிரித்துச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

2022இல் பொருளாதாரம் நொறுங்கியபோது மீண்டும் ஒரு திருப்பம். அவ்வாண்டு செப்ரெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. பம்பஸ் விலை கேட்டு இளந்தாய்மார் திகைத்தார்கள். தடைக்காலத்துத் தாய்மார் இப்போது பாட்டிமார். பழந்துணியை எப்படிக் கிழிப்பது, எவ்வளவு நேரம் அவிப்பது, நாடாவை எங்கே வைப்பது என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 2009 மே மாதத்தில் பெற்றோருடன் சரணடைந்த கைக்குழந்தைகளும் காணாமற் போனோரில் அடங்குவர் என்று உறவினர்கள் கூறிவருகிறார்கள். கொட்டகையில் தொங்கிய படங்களுள் பிள்ளைகளின் படங்களும் உண்டு. வெயிலில் சாயம் போன அந்தப் படங்களில் சட்டையின் நிறத்தைச் சொல்வது எங்களுக்குக் கடினம். தைத்தவர்களைக் கேட்டால் நிறத்தைச் சொல்கிறார்கள். எந்தச் சேலையில் வெட்டியது, அந்தச் சேலை எந்த வருடப் பொங்கலுக்கு வாங்கியது, மிச்சத் துண்டில் என்ன தைத்தது என்பதையும் சொல்கிறார்கள். அந்த மிச்சத் துண்டை இன்னும் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.